பலகைச் சுவர்

தோட்டத்துக்கும் தோட்டாவுக்கும்
வாலில்தான் வித்தியாசம் என்று
தமிழிலேயே சொல்லிவைத்தேன்.
சிரம்பான் துப்பாக்கிக் கடை லோவ்
புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுக்
கண்ணாடி மேசைமேல் இரண்டை நிறுத்தினார்.
சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று.
இரண்டுக்கும் பித்தளைப் பாதம்.

சிவப்பு, பன்றிக்கு.
உள்ளே ஒன்பது, ஒவ்வொன்றும் பட்டாணி.
பச்சை, புறாவுக்கு.
கடுகைவிடக் கொஞ்சம் பருத்தது, எண்ணி மாளாது.
மளிகைக் கடைக்காரி நான்,
எதையும் பருப்புக் கணக்கில்தான் எனக்குப் புரியும்.

ஆளுக்கு எது என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
லைசன்ஸில் இருப்பது
வாழைக்கொல்லை, காட்டுப்பன்றி.
அதை எழுதுகையில் கோப்ரல் ஹஸ்னி
என் இடது முழங்கையைப் பார்த்தார்.
பதினோரு தையல்.
பன்றி பாராங் பிடிக்காதென்று
அவருக்கும் தெரியும்.

மூன்று பேர். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கல்லாவில் நானூற்றுப் பத்து வெள்ளி,
அது போகட்டும்.
கடன் நோட்டை எதற்கு எடுத்தார்கள்?
அன்றிலிருந்து பாதித் தோட்டத்துக்கு
ஞாபகமறதி.

ஞாயிற்றுக்கிழமை
செம்பனைக்குப் பின்னால், மண் எடுத்த பள்ளத்தில்,
இடித்த லயத்துப் பலகைகளை நட்டேன்.
வரிசையாக நாலு.
நடுவே ஓர் அறை அகலம், காலால் அளந்தது.
முதலாவது என் படுக்கையறைச் சுவர்.
இரண்டாவது யோகமலர் வீட்டுக்கு நடுச்சுவர்.
மூன்றாவதும் நாலாவதும்
அவளுக்கு அப்பால் யாரோ.

சிவப்பு
நாலையும் தாண்டி மண்ணுக்குள் போய் நின்றது.
தோள் மூன்று நாள் கத்தரிக்காய் நிறம்.

பச்சை, முதல் பலகையில்
முட்டிக்கை அளவு பொத்தல் போட்டது.
இரண்டாவதில் அம்மைத் தழும்பாய்ப் பதிந்தது.
நல்லது என்று கிட்டே போய்
விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.
ஏழு இடத்தில் வெளிச்சம்.
ஏழே ஏழு கடுகு.

யோகமலரின் கைக்குழந்தை
ராத்திரி இருமினால்
என் தலைமாட்டில் கேட்கும்.
இருமல் வருகிற பலகை வழியே
எதுவும் போகும்.

தோட்டா விலைக்கு
அதற்குமேல் சுட்டுப் பழக வசதியில்லை.
வெறுந்துப்பாக்கியோடு, விளக்கை அணைத்துவிட்டு,
கட்டிலிலிருந்து கதவுக்கு ஆறு எட்டு நடந்தேன்.
திரும்பி நின்றேன்.
மறுபடி ஆறு எட்டு.
வடக்கே தொட்டில்.
தெற்கே நேபாளப் பையன்கள் எட்டுப் பேர்,
ஷிப்ட் மாறி மாறி
எந்நேரமும் நாலு பேர் தரையில் தூங்குவார்கள்.
முன்னால் ரோடு,
நாலரைக்கே பிரட்டுக்குக் கிளம்புகிற டார்ச்லைட்டுகள்.
யாரும் படுக்காத திசை
ஒன்றே ஒன்று மிஞ்சியது.
அங்கே முனீஸ்வரர்,
சுருட்டும் அரிவாளுமாக,
காவலில் என்னைவிட சீனியர்.

மன்னித்துக்கொள் ஐயா என்று
சமையலறைக்கு மாற்றினேன்.
அந்த இடத்தில் கடையிலிருந்து
பத்துக் கிலோ அரிசிப் பை, இருபது,
ஆளுயரத்துக்கு அடுக்கினேன்.
நின்று பார்த்தேன். சரியாக இருந்தது.
வருகிறவன் இதற்கு முன்னால்தான்
நிற்க வேண்டுமென்று
அவனிடம் யார் சொல்வது?

நேற்று யோகமலரிடம் போனேன்.
தொட்டிலை அந்தக் கடைசி உத்திரத்தில் கட்டேன்,
இங்கே சாரலடிக்கும் என்றேன்.
மூணு வாரமா மழையே இல்லையேக்கா என்றாள்.
வரும் என்றேன்.
என் தோளைப் பார்த்தாள்.
பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டே
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கயிறு இருக்கா என்று கேட்டாள்.
கடையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன்,
நைலான், நீலம். காசு வாங்கவில்லை.

துப்பாக்கி இரும்பு அலமாரியில்.
பச்சை எட்டும் பிஸ்கட் டின்னில், தனிப் பூட்டு.
இரண்டு சாவியும்
தாலிக்கொடியில் இருக்கின்றன.
புரண்டு படுத்தால் குளிர்கிறது.

இருமல்
இன்றைக்குக் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.